ஐந்தரை மீட்டர் கொல்லையில் ரயில் ஓடுமா?

கொல்லைக்காரன் (சாட்ஸ்வொர்த்)

வணக்கம். இதுவரை மற்றவர்கள் எழுதுவதைப் படிப்பதோடு சரி, இன்றுதான் வாயைத் திறக்கிறேன்.

எங்களுடையது தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில், அந்தக் காலத்தில் கவுன்சில் கட்டிக் கொடுத்த வீடு. ஒரு பக்கச் சுவர் எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொது. பின்னால் இருக்கிற இடத்தை நேற்று டேப் பிடித்து அளந்தேன். நீளம் 5.4 மீட்டர், அகலம் 3.2. அதற்குள் ஒரு கறிவேப்பிலை மரம், ஒரு துளசி மாடம், துணிக்கொடி கட்டிய இரண்டு கம்பம், மூலையில் ஒரு சாக்கடை மூடி. மிச்சம்தான் எனக்கு.

அதில் ரயில் விடவேண்டும். மேசை மேல் ஓடுகிற ரயில் இல்லை. மழை, வெயில், மண், செடி எல்லாவற்றோடும் ஓடுகிற தோட்ட ரயில். என் தாத்தா பீட்டர்மாரிட்ஸ்பர்க் மேசன்ஸ் மில் ஷெட்டில் இன்ஜின் துடைத்தவர். அவர் துடைத்த ஜிஎம்ஏஎம் ரகக் கேரட் நீராவி இன்ஜின், பின்னால் ஏழெட்டுப் பெட்டியோடு, என் கொல்லையைச் சுற்றி வரவேண்டும். தண்டவாளங்களுக்கு நடுவே 45 மிமீ இருக்கிற டிராக், ஒரு நீள்வட்டம், நடுவில் ஒரு பாலம், கறிவேப்பிலைக்குக் கீழே ஒரு குகை. நடக்குமா? செலவைப் பற்றி மட்டும் இங்கே பேசாதீர்கள். வீட்டம்மாவும் படிக்கிறாள்.

மேல்மாடி ரயில் (ஃபீனிக்ஸ்)

நடக்காது. 9 மிமீ டிராக்குக்கு வாருங்கள். பழைய கதவு ஒன்றைப் படுக்க வைத்தால் ஒரு ஊரே அதில் அடங்கும். மழை இல்லை, குரங்கு இல்லை.

செம்பருத்தி (டொங்காட்)

கேரட் என்று தேடியதில் இந்த இழை வந்து நின்றது. விதை போடும் பருவத்தைப் பற்றிப் பேசுகிறீர்களாக்கும் என்று உள்ளே வந்தால் இன்ஜின்! சரி, வந்தது வந்துவிட்டேன். அந்தத் துளசி மாடத்துக்கு வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது தம்பி? குகை, பாலம் என்று கட்டி அதை மறைத்துவிடாதீர்கள்.

கணக்குப்பிள்ளை (உம்லாங்கா)

அண்ணே, ஆசையில் மண்ணைப் போடுவதற்கு மன்னிக்க வேண்டும். ஆனால் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

இந்த நாட்டு மெயின் லைனின் அகலம் மூன்றரை அடி, அதாவது 1067 மிமீ. அதை 45 மிமீ டிராக்கில் கொண்டுவந்தால் ஏறக்குறைய 24-இல் ஒரு பங்கு. ஜிஎம்ஏஎம் நிஜத்தில் 28 மீட்டருக்கு மேல் நீளம். 24-ஆல் வகுத்தால் 1.17 மீட்டர். உங்கள் கொல்லை நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கை இன்ஜினே அடைத்துக்கொள்ளும். பின்னால் எட்டுப் பெட்டி கோத்தால் சுற்றில் பாதி ரயில், பாதி காலி. ரயில் போகிற மாதிரி இருக்காது, ரயிலைச் சுற்றிக் கட்டின மாதிரி இருக்கும்.

அடுத்தது வளைவு. 1880-இல் டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை போட்டு முடித்த பழைய பாதையில் 300 அடி ஆரத்துக்கு வளைவுகள் இருந்தன. 91 மீட்டர். மலையேறும் பாதை என்பதால் அவ்வளவு நெருக்கினார்கள். அதையே சுருக்கிப் போட்டாலும் 3.8 மீட்டர் ஆரம் வேண்டும். ஒரு அரைவட்டத்துக்கு 7.6 மீட்டர் அகலம். உங்களிடம் இருப்பது 3.2.

தோட்ட ரயில் செய்கிற எல்ஜிபி கம்பெனியின் மிகச் சிறிய வளைவு 60 செமீ ஆரம். 12 துண்டு சேர்ந்தால் ஒரு வட்டம், 1.3 மீட்டரில் அடங்கிவிடும். நான்கு சக்கரக் குட்டி இன்ஜின் அதில் அழகாகத் திரும்பும். ஒரு மீட்டர் நீள இன்ஜினை அதில் விட்டால், திரும்பினாலும் திரும்பும், பார்க்கத்தான் சகிக்காது. மூக்கு ஒரு பக்கம், வயிறு ஒரு பக்கம் டிராக்கை விட்டு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.

பாலத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒரு பாதை இன்னொன்றின் மேலே போக 20 செமீ உயரம் ஏறவேண்டும். 40-க்கு 1 என்று சரிவு வைத்தாலே 8 மீட்டர் ஓடவேண்டும். அப்புறம் இறங்க இன்னொரு 8.

கொல்லைக்காரன் (சாட்ஸ்வொர்த்)

கணக்குப்பிள்ளை என்று பெயர் வைத்தவர் வாய்க்குச் சர்க்கரை போடவேண்டும். படித்துவிட்டு இரண்டு நாள் இந்தப் பக்கமே வரவில்லை.

பழைய ஃபிட்டர் (மெரிபேங்க்)

எல்லாம் படித்தேன். முப்பது வருஷம் ரயில்வே பட்டறையில் ஸ்பேனர் பிடித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

கேரட் என்ற இன்ஜினே வளைவுக்காகப் பிறந்ததுதான். நடுவில் பாய்லர், முன்னும் பின்னும் தனித்தனியாகத் திரும்புகிற இரண்டு சக்கரக் கூட்டம். 1909-இல் முதன்முதலாக டாஸ்மேனியாவுக்குச் செய்தபோது அது இரண்டு அடிப் பாதையில் ஓடுகிற குட்டி இன்ஜின்தான். பிற்பாடுதான் இந்த நாட்டில் அது யானையாக வளர்ந்தது. தம்பி யானையைப் பார்த்து ஆசைப்படுகிறார். இருக்கிற இடத்தில் ஆடுதான் கட்டமுடியும்.

அதனால் யானையைச் சுருக்கி ஆடாக்க வேண்டாம். ஆட்டையே பிடித்து வாருங்கள்.

நட்டாலில் கரும்புத் தோட்டத்துக்குள் ஓடிய ரயிலை உங்களில் எத்தனை பேர் பார்த்திருப்பீர்களோ தெரியாது. பாதை அகலம் இரண்டே அடி. வெட்டு நடக்கிற காட்டுக்குள் தண்டவாளத்தைத் துண்டு துண்டாகத் தூக்கிப் போய்ப் போடுவார்கள், வெட்டு முடிந்ததும் கழற்றி அடுத்த காட்டுக்கு எடுத்துப் போவார்கள். வளைவா, சரிவா, எதற்கும் சட்டம் கிடையாது. மாடு திரும்புகிற இடத்தில் அந்த ரயிலும் திரும்பும். இரண்டு அடியை 19-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 32 மிமீ டிராக். அந்த அளவில் டிராக், சக்கரம் எல்லாம் கடையில் கிடைக்கிறது. 75 செமீ ஆரத்தில் வளைத்தாலும் பொய் சொன்ன மாதிரி இருக்காது. நிஜமே அப்படித்தான் இருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1860 ஜூன் 26-இல் பாயின்ட் என்கிற துறைமுகப் பகுதியிலிருந்து டர்பன் ஊருக்குள் முதல் ரயில் ஓடியது. அதே வருஷம் நவம்பர் 16-இல் மதராஸிலிருந்து நம் முன்னோரை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் வந்தது. ரயில் வந்து ஐந்து மாசம் நிறையவில்லை, நாம் வந்துவிட்டோம். வந்தவர்கள் போனது கரும்புக்கு. பின்னால் ரயில்வேக்கும் ஆள் எடுத்தார்கள். என் தகப்பனார் டர்பன் ரயில்வே பாரக்ஸில் பிறந்தவர், அவருடைய தகப்பனார் கரும்பு ஏற்றியவர். மெயின் லைன் இன்ஜினைப் பார்த்து நாம் கையாட்டினோம். கரும்பு வண்டியில் நம் ஆட்களே நின்றார்கள்.

கொல்லைக்காரன் (சாட்ஸ்வொர்த்)

ஐயா, கும்பிடுகிறேன். உங்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது. ஆனால் மனசு இன்னும் கேரட்டிலேயே நிற்கிறது. கரும்பு வண்டி என்று சொன்னதும் என் மகள், "அது அழுக்கு ரயில்தானே அப்பா?" என்றாள்.

பழைய ஃபிட்டர் (மெரிபேங்க்)

அழுக்குதான். பெயின்ட் அடிக்கிற வேலை மிச்சம்.

கேரட் ஆசை விடாவிட்டால் அதற்கும் வழி உண்டு. போர்ட் ஷெப்ஸ்டோனிலிருந்து ஹார்டிங் போன பாதையும் இரண்டு அடிதான். அதில் என்ஜிஜி16 கேரட்டுகள் ஓடின. அவற்றில் சில இப்போது வேல்ஸ் நாட்டு மலையில் உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. 32 மிமீ டிராக் போட்டுவிட்டால் ஒரு நாள் அதையும் வாங்கி அதே டிராக்கில் விடலாம். முதலில் ஆடு.

ஸ்டீம் மாமா (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

32 மிமீ என்று சொன்ன வாய்க்கு வடை. இப்போது என் முறை. இன்ஜின் வாங்கினால் நிஜ நீராவி இன்ஜின் வாங்குங்கள். பியூட்டேன் காஸ் நிரப்பி, மழைநீர் ஊற்றி, ஸ்டீம் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுப் பற்றவைத்தால் ஏழெட்டு நிமிஷத்தில் வால்வு சீறும். அந்த வாசனைக்கு ஈடு கிடையாது. பேட்டரி போட்டு ஓட்டுவது தேங்காய் இல்லாமல் சட்னி அரைக்கிற மாதிரி.

கணக்குப்பிள்ளை (உம்லாங்கா)

மாமா, உங்கள் இன்ஜின் ஒரு தடவை காஸ் நிரப்பினால் எத்தனை நிமிஷம் ஓடும்?

ஸ்டீம் மாமா (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

இருபது, இருபத்தைந்து.

கணக்குப்பிள்ளை (உம்லாங்கா)

அந்த இருபது நிமிஷமும் அது ஓடிக்கொண்டே இருக்க வட்டம் வேண்டும். அண்ணன் இடத்தில் வட்டம் போட்டால் துணி காயப்போட இடமில்லை. நிறுத்தி, பின்னால் தள்ளி, ஒரு பெட்டியை விட்டு இன்னொன்றை மாட்டுகிற வேலைக்கு பேட்டரிதான் சரி. நான்கு லித்தியம் செல்லைத் தொடராக வைத்தால் 14.8 வோல்ட். கரும்பு இன்ஜினில் இடம் இல்லாவிட்டால் மூன்று வையுங்கள், 11.1. சின்ன மோட்டார் அரை ஆம்பியர் இழுக்கும். 2600 மில்லி ஆம்பியர் செல்லில் ஒரு மதியம் முழுக்க ஓட்டலாம். கையில் ரேடியோ ரிமோட். லோட் ஷெடிங் வந்தாலும் உங்கள் ரயில் நிற்காது. ஊர் ரயிலைவிட அதுவே மேல்.

டிராக்கில் மின்சாரம் விடுவதை மட்டும் நினைக்காதீர்கள். கடல் பக்கத்துக் காற்றில் பித்தளைத் தண்டவாளம் ஒரே வாரத்தில் கறுக்கும். ஓட்டுகிற ஒவ்வொரு முறையும் முட்டி போட்டுத் தேய்க்க வேண்டும்.

மேல்மாடி ரயில் (ஃபீனிக்ஸ்)

பித்தளை என்றதும் ஞாபகம் வருகிறது. நானும் ஒரு காலத்தில் வெளியே போட்டவன்தான். ஆறு மீட்டர் பித்தளை டிராக் போட்டு, பௌர்ணமி வெளிச்சத்தில் ஒரு தரம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் ஸ்லீப்பர் இருக்கிறது, தண்டவாளம் இல்லை. ஒவ்வொரு கிளிப்பாகப் பொறுமையாக உருவி எடுத்துப் போயிருக்கிறார்கள். எடைக்குப் போட்டால் ஒரு ரொட்டி, ஒரு பால் பாக்கெட் கிடைத்திருக்குமோ என்னவோ. அன்றைக்கு மாடி ஏறியவன் இறங்கவில்லை.

கணக்குப்பிள்ளை (உம்லாங்கா)

அப்படியானால் 32 மிமீ அதற்கும் தோது. பீக்கோ கம்பெனியின் டிராக் நிக்கல் சில்வர். மஞ்சளாக மின்னாது. ஒவ்வொன்றும் ஒரு கஜம், 914 மிமீ. கையாலேயே வளைக்கலாம்.

கொல்லைக்காரன் (சாட்ஸ்வொர்த்)

சரி, தோற்றேன். கரும்பு ரயில், 32 மிமீ, பேட்டரி. ஒரு சந்தேகம் மட்டும். சுற்றி வராத ரயில் ரயிலா? இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி. ஐந்து நிமிஷத்தில் சலித்துவிடாதா?

மேல்மாடி ரயில் (ஃபீனிக்ஸ்)

சலிப்பது வட்டம்தான். பத்துச் சுற்று பார்த்தபின் மனசு வேறெங்கோ போய்விடும். நான் சொல்வதைக் கேளுங்கள். மூன்று தடம், தடத்தைப் பிரிக்கிற பாயின்ட் இரண்டு. ஒரு தடத்தில் ஐந்து பெட்டி நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. இன்ஜின் முன்னும் பின்னும் போகிற தலைத்தடத்தில் இன்ஜினும் மூன்று பெட்டியும்தான் பிடிக்கும். மொத்தம் எட்டுப் பெட்டி. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுச் சீட்டுக் குலுக்கி ஐந்தை எடுங்கள். எடுத்த வரிசையிலேயே ஐந்தும் கோத்து நிற்கவேண்டும். இங்கிலாந்தில் ஒருவர் இங்கிள்நூக் என்று பெயர் வைத்துக் கொடுத்த விளையாட்டு இது. எட்டில் ஐந்தை வரிசையாக எடுக்க 6720 வழி. ஒரு நாளைக்கு ஒன்று என்று ஆடினாலும் பதினெட்டு வருஷம்.

அதற்கு எவ்வளவு இடம் என்று கணக்குப்பிள்ளை சொல்லட்டும்.

கணக்குப்பிள்ளை (உம்லாங்கா)

ஒரு கரும்புப் பெட்டி கொக்கியோடு 15 செமீ என்று வையுங்கள். ஐந்து பெட்டி 75. இன்ஜின் 20, மூன்று பெட்டி 45, ஆக 65. பாயின்ட் ஒவ்வொன்றும் ஒரு முழம் தின்னும், இரண்டுக்கும் 90. கூட்டினால் 2.3 மீட்டர். மீதி மூன்று மீட்டரில் ரயில் சும்மா ஓடட்டும், மூலையில் ஒரு வளைவு வளைந்து துளசி மாடத்துக்குப் பின்னால் மறையட்டும்.

நிஜக் கரும்பு வண்டி மணிக்கு 12 கிலோமீட்டர் போனால், இந்த அளவில் நொடிக்கு 17 செமீ. கொல்லையின் நீளத்தைக் கடக்க அரை நிமிஷம். வேகமாக விடாதீர்கள். மெதுவாகப் போனால்தான் இடம் பெரிதாகும்.

பழைய ஃபிட்டர் (மெரிபேங்க்)

கடைசி வரியைக் கட்டம் கட்டி ஒட்டுங்கள்.

கொல்லைக்காரன் (சாட்ஸ்வொர்த்)

மூன்று வாரம் ஆயிற்று. நல்ல சேதி இல்லை.

அவசரப்பட்டேன். மண்ணைச் சமப்படுத்தி, மேலே கிரஷர் தூள் தூவி, மூன்று மீட்டர் டிராக்கை அப்படியே தரையில் வைத்தேன். சனிக்கிழமை இன்ஜின் ஓடியது, படம் கூடப் பிடித்தேன். அன்று ராத்திரி மழை. நம் ஊர் ஜனவரி மழை எப்படிக் கொட்டும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டாம். காலையில் தூள் எல்லாம் சாக்கடை மூடிக்குப் பக்கத்தில் குவிந்து கிடந்தது, டிராக் நடுவில் தொட்டில் மாதிரி தொங்கியது. அதை நிமிர்த்துவதற்குள் இரண்டு ஹடேடா பறவை வந்து, நீள மூக்கால் ஸ்லீப்பருக்கு நடுவே குத்திக் குத்திப் புழு தேடின. போகும்போது வழக்கமான கூச்சல் வேறு.

திங்கட்கிழமை குரங்கு. டிரைவர் பொம்மையைப் பிடுங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கூரையில் உட்கார்ந்து, தலையைக் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பியது. தலை கிடைத்தது. உடம்பைத் தேடுகிறோம்.

மழைக்குப்பின் ஒரு சிவப்பு சோங்கோலோலோ, அதாவது மரவட்டை, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே முழு நீளமும் நேராக ஊர்ந்து போனது. அத்தனை கால், ஒன்றோடொன்று இடிக்காமல். என் மகள், "அப்பா, இதுதான் தடம் புரளாமல் போன முதல் ரயில்" என்றாள்.

ஸ்டீம் மாமா (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

மண்ணில் வைத்தால் மண்ணாகத்தான் போகும். தரையை விட்டு மேலே தூக்குங்கள். எனக்கு அறுபத்தெட்டு வயசு. கீழே தடம் புரண்ட பெட்டியை எடுக்கக் குனிந்தால் என்னைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும். என் டிராக் இடுப்பு உயரத்தில் ஓடுகிறது. இன்ஜினைப் பக்கவாட்டில் கண்ணுக்கு நேரே பார்க்கலாம். மேலிருந்து பார்த்தால் அது பொம்மை, பக்கத்திலிருந்து பார்த்தால்தான் இன்ஜின்.

கொல்லைக்காரன் (சாட்ஸ்வொர்த்)

மேலே தூக்கினால் இடம் அடைக்காதா மாமா?

ஸ்டீம் மாமா (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

இடம் மிச்சமாகும். இரண்டு சுவரை ஒட்டி எல் எழுத்து மாதிரி ஒரு திண்ணை கட்டுங்கள். அகலம் 60 செமீ. கை எட்டும் தூரம் அவ்வளவுதான், அதற்கு மேல் வைத்தால் பின் தடத்தில் விழுந்த பெட்டியை எடுக்க ஏணி வேண்டும். திண்ணைக்கு அடியில் செடித்தொட்டி, வாளி, பிராய் அடுப்புக் கரி எல்லாம் வைக்கலாம். நடு இடம் துணிக்கொடிக்கு. வீட்டில் சண்டை வராது.

கணக்குப்பிள்ளை (உம்லாங்கா)

பொதுச் சுவரில் மட்டும் எதையும் அடிக்காதீர்கள் அண்ணே. பக்கத்து வீட்டுக்காரருக்கு இன்ஜின் சத்தம் அவர் படுக்கையறையில் கேட்கும். மற்ற இரண்டு பக்கமும் சிமென்ட் பலகைச் சுவர்தானே, அது மண்ணின் தள்ளலைத் தாங்காது. அதனால் திண்ணையைச் சுவரோடு சேர்க்காமல் நாலு விரல் விட்டுத் தனியாக நிறுத்துங்கள்.

அப்புறம், தண்டவாளத்தின் இரண்டு முனையையும் இறுக்கிவிடாதீர்கள். குளிர்காலக் காலையில் பத்து டிகிரி, கோடை மதியத்தில் வெயில் பட்டு ஐம்பத்தைந்து. 45 டிகிரி வித்தியாசத்துக்கு ஐந்து மீட்டர் தண்டவாளம் ஏறக்குறைய நான்கு மில்லிமீட்டர் நீளும். இடைவெளி விடாவிட்டால் பாம்பு மாதிரி நெளியும். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு மில்லிமீட்டர் விடுங்கள். டக் டக் என்று சத்தமும் இனாம்.

கொல்லைக்காரன் (சாட்ஸ்வொர்த்)

ஈஸ்டர் விடுமுறையில் கட்டி முடித்தேன். கான்கிரீட் பிளாக் இரண்டு அடுக்கு, ஒரு மீட்டருக்கு ஒன்று. மேலே கனமான பழைய கதவுச் சட்டங்கள், அதன்மேல் சிமென்ட் பலகை. பின்பக்கம் ஓரம் உயர்த்தி, முன்பக்கம் ஒரு செமீ சரிவு. மழைத்தண்ணீர் தேங்காமல் முன்னால் வழிந்துவிடுகிறது. டிராக்கைச் சுற்றிக் கிரஷர் தூளோடு கொஞ்சம் சிமென்ட் கலந்து உலர்வாகத் தூவி, பிரஷ்ஷால் ஸ்லீப்பருக்கு நடுவே தள்ளி, ஸ்பிரே பாட்டிலால் நனைத்தேன். மறுநாள் கல்லாகிவிட்டது. ஹடேடா ஒன்று வந்து ஒரு தரம் கொத்திப் பார்த்துவிட்டு என்னை முறைத்தது.

இப்போது பெட்டிகள். கடையில் விற்கிற கரும்புப் பெட்டி வேறு நாட்டு மாதிரி. ஐஸ் குச்சியை அடித்தளமாக வைத்து, இரண்டு முனையிலும் கம்பி வளைத்து நிறுத்தி நானே செய்கிறேன். கரும்புக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. புல்லை வெட்டிப் போட்டேன், இரண்டு நாளில் சுருங்கி வைக்கோலாகிவிட்டது.

செம்பருத்தி (டொங்காட்)

இதற்குத்தான் தோட்டக்காரியிடம் கேட்கவேண்டும் என்பது. கரும்பு என்ன தடிமன்? கட்டைவிரல் மொத்தம், இரண்டரை மூன்று செமீ. 19-ஆல் வகுத்தால் ஒன்றரை மிமீ. வெட்டின கரும்பு ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும், உங்கள் அளவில் 12 செமீ. ஒன்றரை மிமீ தடிமனில், 12 செமீ நீளத்தில், வெயிலிலும் மழையிலும் கெடாத குச்சி எது?

வீட்டுக் கதவுக்குப் பின்னால் பாருங்கள் தம்பி. ஈர்க்குமாறு!

கொல்லைக்காரன் (சாட்ஸ்வொர்த்)

அக்கா, உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும்.

தேங்காய் ஈர்க்கு அடியில் தடித்து நுனியில் மெலிகிறது, கரும்பு மாதிரியே. அடிப்பகுதியை மட்டும் நறுக்கினேன். சந்தன நிறத்தில் ஒரு கை, பழுப்பில் ஒரு கை. பேனாக் கத்தியால் ஒவ்வொன்றிலும் ஆறேழு இடத்தில் லேசாகக் கீறி, கீறலில் கறுப்பு மை தேய்த்தால் கணு விழுந்துவிடுகிறது. ஒரு பெட்டிக்கு எண்பது குச்சி பிடிக்கிறது. எட்டுப் பெட்டிக்கு அறுநூற்றுச் சொச்சம். நானும் மகளும் சாயங்காலம் டீவி பார்த்துக்கொண்டே கீறுகிறோம். ஒரு வாரத்தில் மூன்று பெட்டி நிறைந்தது.

வீட்டம்மா துடைப்பத்தை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கைப்பிடி கட்டும் ஒரு சாண் ஈர்க்கும்தான் மிச்சம் இருந்தது. இனி இரண்டு துடைப்பம் வாங்குகிறோம், ஒன்று அவளுக்கு, ஒன்று ரயில்வேக்கு.

பழைய ஃபிட்டர் (மெரிபேங்க்)

படத்தைப் பார்த்தேன். கரும்பை ஒரே திசையில் அழகாக அடுக்கியிருக்கிறீர்கள். அப்படி யாரும் அடுக்க மாட்டார்கள். மேலே நாலைந்து குச்சி குறுக்கே கிடக்கட்டும், ஒன்றிரண்டு வெளியே நீட்டட்டும். பாதை ஓரத்திலும் இரண்டு மூன்று விழுந்து கிடக்கவேண்டும். பிள்ளைகள் பொறுக்கித் தின்ன.

செம்பருத்தி (டொங்காட்)

மரத்துக்கு ஸ்பெக்பூம் நடுங்கள். இந்த மண்ணின் செடி, தண்ணீர் இல்லாவிட்டாலும் சாகாது, ஒடித்து நட்டாலே பிடிக்கும். இலை சின்னது, தண்டு சீக்கிரம் மரம் மாதிரி தடிக்கும். மாதம் ஒரு தரம் கிள்ளிவிட்டால் ஒரு சாண் உயரத்தில் வயசான மரம் கிடைக்கும். கீழே தைம் படரவிடுங்கள். கறிவேப்பிலைக் கன்று அடியிலிருந்து முளைத்து வருமே, அதை மட்டும் உடனே பிடுங்குங்கள். வேர் போனால் திண்ணையையே தூக்கிவிடும்.

குரங்குக்கு மருந்து கிடையாது. பொம்மை, பெட்டி எல்லாவற்றையும் ஓட்டி முடிந்ததும் உள்ளே எடுத்துவிடுங்கள். டிராக்கை அது தின்னாது.

ஸ்டீம் மாமா (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் இன்ஜினை எடுத்து வரட்டுமா? இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும்தான் ஓடட்டுமே. கையால் ஒழுங்குபடுத்திக்கொள்கிறேன். வீட்டம்மாவிடம் அன்று துணி துவைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எண்ணெய் தெறிக்கும்.

கொல்லைக்காரன் (சாட்ஸ்வொர்த்)

வாருங்கள் மாமா. சாப்பாடு இங்கேதான். ஃபிட்டர் ஐயாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், மெரிபேங்கிலிருந்து என் மச்சான் பக்கி வண்டியில் கூட்டி வருகிறான்.

நேற்று முதல்முறையாக ஐந்து பெட்டிப் புதிரை முடித்தோம். சீட்டில் 7, 2, 8, 1, 4 வந்தது. எனக்கு நாற்பது நிமிஷம், மகளுக்குப் பதினொன்று. கடைசிப் பெட்டி மாட்டியதும் ரயில் கிளம்பி மெதுவாகத் துளசி மாடத்துக்குப் பின்னால் போயிற்று. அங்கே ஒரு முழம்தான் மறைவு, மூன்று நொடிகூட இல்லை. ஆனால் அது மறுபக்கம் எட்டிப் பார்க்கிறவரை நாங்கள் இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.

மேல்மாடி ரயில் (ஃபீனிக்ஸ்)

பதினொரு நிமிஷமா! என் சொந்தக் கணக்கே பதினான்கு. சரி, நானும் ஞாயிற்றுக்கிழமை இறங்கி வருகிறேன். படத்தில் பாயின்ட்டைத் தள்ள ஒரு கம்பி தெரிகிறதே, திண்ணை ஓரத்துக்கு வருகிறதே, அது என்ன கம்பி?

கொல்லைக்காரன் (சாட்ஸ்வொர்த்)

சைக்கிள் ஸ்போக். மகளின் பழைய சைக்கிள். அவளுக்கு இன்னும் தெரியாது.